ஏமாந்தவருக்கு ஏன் பேராசைக்காரர் பட்டம்?

நிதி நிறுவனம் ஒன்று ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிய செய்தி வந்த அன்றே ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது: ‘பேராசை பெருநஷ்டம்.’ டீக்கடையில் சொல்கிறார்கள், அலுவலகத்தில் சொல்கிறார்கள், தொலைக்காட்சி விவாதத்தில் சொல்கிறார்கள். காவல் துறையினரின் விழிப்புணர்வுப் பேச்சிலும் தவறாமல் வந்துவிடுகிறது. இந்தப் பழமொழி யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? ஓடிப்போனவரைப் பார்த்து அல்ல. அவருக்குத்தான் நஷ்டமே இல்லையே! பணத்தைக் கட்டிவிட்டுப் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறாரே, அவரைப் பார்த்துத்தான்.

பத்திரிகைக்காரர்களாகிய நாங்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. மோசடிச் செய்தி எதையாவது எடுத்துப் பாருங்கள். ‘அதிக வட்டி தருவதாக ஆசை வார்த்தை கூறி’ என்ற தொடர் இல்லாமல் இருக்காது. வார்த்தை மோசடிக்காரருடையது, ஆசை மட்டும் கட்டியவர் கணக்கில் எழுதப்படுகிறது. மதுரை மாவட்டத்தில் கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அன்றைய ஆட்சியர் உ.சகாயம் 2012-ல் அரசுக்குக் கடிதம் எழுதினார். அந்த விவகாரத்துக்கு நாம் வைத்த பெயர் ‘கிரானைட் முறைகேடு’. ஏதோ படிவத்தில் தப்பான கட்டத்தில் டிக் அடித்துவிட்ட மாதிரி. மலையை அறுத்து விற்றால் முறைகேடு. மூன்று லட்சத்தைப் பறிகொடுத்தால் பேராசை.

பேராசை என்று ஒன்று இல்லை என்பதல்ல என் வாதம். நிறையவே இருக்கிறது. அதை ஆள் மாற்றிச் சொல்கிறோம். அப்படிச் சொல்வதால் குற்றவாளிக்கு வசதியும், பறிகொடுத்தவருக்கு இரண்டாவது அடியும் கிடைக்கின்றன.

வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் இட்லிக்கடை நடத்தும் அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து காட்டினார். ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பாலிசி, மகளின் மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றோடு முத்திரைத்தாளில் அச்சடித்த ஓர் ஒப்பந்தமும் அதில் இருந்தது. கீழே ரப்பர் ஸ்டாம்ப், இரண்டு கையெழுத்து. “மொதல்ல ஒரு லட்சம்தான் சார் கட்டுனேன். நாத்தனார் வீட்டுக்காரருதான் சேத்துவிட்டாரு. மூணு மாசம் பணம் கரெக்டா பேங்குல ஏறிச்சு. அப்புறம்தான் நகைய வெச்சு இன்னும் ரெண்டு லட்சம் போட்டேன்” என்றார். நானும் எல்லோரும் கேட்கும் கேள்வியையே கேட்டேன். மாதம் பத்து வட்டி ஒருத்தன் எப்படியம்மா தர முடியும் என்று யோசிக்கவில்லையா? அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கடைக்கு வாங்குன கடனுக்கு நான் மாசம் பத்து வட்டி கட்டிக்கிட்டுத்தான சார் இருக்கேன்? நீ எப்பிடிம்மா கட்டுறன்னு என்னை ஒருத்தரும் கேட்டதில்லையே!”

என்னிடம் பதில் இல்லை. வங்கிக் கவுன்ட்டருக்குள் வாழ்பவர்களின் வட்டிக் கணக்கும் தெருவில் வாழ்பவர்களின் வட்டிக் கணக்கும் வேறு வேறு. மாதச் சம்பளக்காரருக்கு வட்டி என்றால் ஆண்டுக்கு ஆறோ ஏழோ சதவீதம். கடைத்தெருவில் ‘ரெண்டு வட்டி’ என்றால் மாதத்துக்கு இரண்டு சதவீதம். அதுதான் அங்கே நியாய வட்டி. மூன்று, ஐந்து, பத்து என்று அதற்கு மேல் படிகள் உண்டு. சென்னையில் தண்டல்காரரிடம் பத்தாயிரம் கடன் கேட்டால் 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500-ஐக் கையில் தருவார். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வெறும் 1,500 தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறதே! அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய பத்து வட்டி விழுகிறது. காய்கறி வண்டியும் பூக்கூடையும் இந்த வட்டியில்தான் தினமும் காலையில் புறப்படுகின்றன. மீட்டர் வட்டி, ரன் வட்டி என்றெல்லாம் பெயர் வைத்து ஆளையே விழுங்கும் அளவுக்குப் போனதால்தான் 2003-ல் தமிழ்நாடு அரசு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்தது, வட்டி போகவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் ‘மாதம் ஐந்து சதவீதம் தருகிறோம்’ என்ற நோட்டீஸ் யாருக்கு அதிர்ச்சி தரும்? பத்து வட்டி கட்டிப் பழகியவருக்கு அது பேராசையாகத் தெரியாது. நம்மிடம் வாங்குகிறவன் நமக்கும் தருகிறான் என்று தோன்றும். வாழ்நாள் முழுக்க வட்டி கொடுக்கும் பக்கத்திலேயே இருந்தவருக்கு, வாங்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுகிறார்கள். உட்காரத்தான் தோன்றும்.

அரசாங்கமும் ஒரு காலத்தில் இரட்டிப்பைக் காட்டித்தான் மக்களைச் சேமிக்க வைத்தது. 1988-ல் கிசான் விகாஸ் பத்திரம் அறிமுகமானபோது போட்ட பணம் ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பு. அஞ்சலகச் சுவர்களில் அந்த விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அதே பத்திரம் 2023 ஏப்ரலில் இருந்து இரட்டிப்பாக 115 மாதம் எடுத்துக்கொள்கிறது. ஒன்பதரை ஆண்டுக்கும் மேல். பணம் இரட்டிப்பாக வேண்டும் என்று அன்று நினைத்தவருக்குப் பெயர் சிக்கனமான குடிமகன். ஆசை அதேதான், வட்டி இறங்கியதும் ஆசைக்கு முன்னால் ஒரு ‘பேர்’ ஒட்டிக்கொண்டது.

2020 செப்டம்பரில் பாரத ஸ்டேட் வங்கி ஓராண்டு வைப்புத்தொகைக்குத் தந்த வட்டி 4.9 சதவீதம். அந்த நிதியாண்டில் சில்லறைப் பணவீக்கம் ஆறு சதவீதத்துக்கு மேல். வங்கியில் பணம் போட்டவர் ஒழுக்கமாக, சட்டப்படி, ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் இழந்துகொண்டிருந்தார். ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்றவரின் நிலை இன்னும் மோசம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-ல் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆயிரம் ரூபாயில் மாதத்தை ஓட்டச் சொல்லப்பட்டவர் கையில் பணிக்கொடை, வைப்பு நிதி என்று மொத்தமாக ஒரு தொகை வருகிறது. அதை மாத வருமானமாக மாற்ற வழி தேடுகிறார். அதற்குப் பேராசை என்று பெயரா?

சரியாக அந்த 2020 செப்டம்பரில்தான் ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் பணம் வசூலிக்கத் தொடங்கியது என்கிறது காவல் துறை. 2022 மே வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக வழக்கு. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்று சொல்லப்பட்டதாம்.

இங்கே நான் என் வாதத்தை நானே கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். மாதம் 25 சதவீதம் என்பது தண்டல்காரரின் கணக்கைக்கூடத் தாண்டியது. வட்டியை எடுக்காமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் ஒரு லட்சம் ஓராண்டில் பதினான்கரை லட்சம் ஆகிவிடும். தங்கம், நிலம், அந்நியச் செலாவணி, போதைப்பொருள் என்று எதை விற்றாலும் இப்படி ஒரு லாபத்தைத் தொடர்ந்து யாருக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது. கணக்கு தெரிந்தவர்களும் இதில் பணம் போட்டார்கள். அரசு ஊழியர்கள் போட்டார்கள். வங்கியில் வேலை பார்த்தவர்கள் போட்டார்கள். அவர்களில் பலர் போட்டது நம்பி அல்ல. ‘இது எப்படியும் ஒருநாள் கவிழும், கவிழ்வதற்குள் நாலு மாசத்தில் அசலை எடுத்துவிடலாம்’ என்ற கணக்கில் போட்டார்கள். தன் அசல் திரும்பி வரும் வழி அடுத்தவரின் அசல்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். பேராசை என்ற சொல்லுக்கு உரிய இடம் அது. வாங்கும் வட்டி எவ்வளவு என்பதில் பேராசை இல்லை. அது யார் வீட்டுப் பணம் என்று தெரிந்தே வாங்குவதில் இருக்கிறது.

திருக்குறளின் அதிகார வரிசை இந்தப் பாகுபாட்டைத் துல்லியமாகச் செய்திருக்கிறது. அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாதே என்னும் ‘வெஃகாமை’ இல்லறவியலில் வருகிறது. ஆசையையே அறுத்துவிடு என்னும் ‘அவாவறுத்தல்’ துறவறவியலில் வருகிறது. பொருட்பாலில் பொருளைத் தேடிச் சேர் என்று சொல்லும் ‘பொருள் செயல்வகை’க்குத் தனி அதிகாரம். குடும்பஸ்தனிடம் வள்ளுவர் கேட்பது மற்றவன் சொத்தில் கைவைக்காமல் இருப்பதை. பணமே வேண்டாம் என்பதை அல்ல. நாம் என்ன செய்கிறோம்? இட்லிக்கடைக்காரரிடமும் ஓய்வுபெற்ற நடத்துநரிடமும் துறவிக்கான சட்டத்தைக் காட்டுகிறோம். இல்லறத்தானுக்கு உள்ள சட்டத்தையே மீறியவர், இரண்டு மாடி கட்டிக்கொண்டு வாக்கிங் போகிறார்.

அந்த இரண்டு மாடிக்காரர் யார்? பெரும்பாலும் முகவர். மோசடி நிறுவனத்தின் இயக்குநரை ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தது நாத்தனார் வீட்டுக்காரரை, பள்ளிக்கூட வாத்தியாரை, சுய உதவிக் குழுத் தலைவியை, கோயில் கமிட்டிப் பொருளாளரை. ஒரு லட்சம் சேர்த்துவிட்டால் இவ்வளவு கமிஷன், பத்துப் பேரைச் சேர்த்தால் ஸ்கூட்டர், ஐம்பது பேரைச் சேர்த்தால் வெளிநாட்டுச் சுற்றுலா. முகவர்களில் தங்கள் சொந்தப் பணத்தையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு. அவர்கள்மீது எனக்குப் பரிதாபம்தான். ஆனால் வட்டி வருவது தடைபடத் தொடங்கியதும், தன் பணத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு, அதே வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் புதிதாகச் சேர்த்துவிட்டவர்களும் உண்டு. விசாரணை அதிகாரிகள் தேடவேண்டிய பேராசை இதுதான். தேதியைப் பார்த்தாலே அகப்படும். இவர் எடுத்தது எந்தத் தேதி, பக்கத்து வீட்டார் போட்டது எந்தத் தேதி?

ஈமு கோழியை மறந்திருக்க மாட்டீர்கள். பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்டு சுசி ஈமு பண்ணை கொங்கு மண்டலத்தையே ஒரு கலக்குக் கலக்கியது. ஒன்றரை லட்ச ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், வளர்ப்புக் கூலியாக மாதாமாதம் ஆயிரக்கணக்கில் பணம். திரை நட்சத்திரங்கள் தொலைக்காட்சியில் வந்து சொன்னார்கள். நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு அச்சடித்தோம். 2012 ஆகஸ்டில் நிறுவனம் கவிழ்ந்தது. கைவிடப்பட்ட பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டிய நிலை வந்தது.

அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் யார்? மழை பொய்த்து, ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்குக் கீழே போய், மஞ்சள் விலையும் தேங்காய் விலையும் கைகொடுக்காத விவசாயிகளும் அவர்களில் இருந்தார்கள். ‘மாற்றுத் தொழில் செய்யுங்கள், கால்நடை வளர்த்து வருமானத்தைப் பெருக்குங்கள்’ என்று வேளாண் கூட்டங்களில் அவர்களுக்குத்தான் பல ஆண்டாகச் சொல்லிவந்தார்கள். ஒருவர் கோழி கொடுத்து, கூலியும் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணை அதே பகுதியில் அதே முறையில்தான் நடக்கிறது. நிறுவனம் குஞ்சு தரும், தீவனம் தரும், வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி தரும். வித்தியாசம் ஒன்றுதான்: கறிக்கோழியைத் தின்ன ஆள் உண்டு, ஈமுவைத் தின்ன ஆள் இல்லை. அந்த ஒரு கேள்வியை விவசாயி கேட்கவில்லை என்பது உண்மை. கேட்க வேண்டிய அரசுத் துறைகளும் கேட்கவில்லை; விளம்பரம் வாங்கிய ஊடகமும் கேட்கவில்லை. கடைசியில் பேராசைப் பட்டம் விவசாயிக்கு.

பேராசையைப் புகழும் ஊர்களும் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1986 மே மாதம் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக வணிகக் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் வால் ஸ்ட்ரீட் புள்ளி இவான் போஸ்கி பேசினார். பேராசை தப்பில்லை, அது ஆரோக்கியமானதுதான் என்பது அந்தப் பேச்சின் சாரம். மாணவர்கள் கைதட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில், பங்குச் சந்தையில் உள்தகவலை வைத்துச் சம்பாதித்த குற்றத்துக்காக அவர் பத்து கோடி டாலர் கட்டச் சம்மதித்தார்; பிறகு சிறைக்கும் போனார். அடுத்த ஆண்டு வந்த ‘வால் ஸ்ட்ரீட்’ படத்தின் வில்லன் பேசும் புகழ்பெற்ற வசனத்துக்கு இந்தப் பேச்சு ஒரு மூலம் என்பார்கள். வில்லன் வாயில் வைத்த வசனத்தைப் பல நிதித் துறை இளைஞர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டதுதான் வேடிக்கை. நம் ஊரிலும் 1992-ல் பங்குச் சந்தை மோசடி அம்பலமாவதற்கு முன் ஹர்ஷத் மேத்தாவைப் பேராசைக்காரர் என்று யாராவது சொன்னார்களா? ‘பெரிய காளை’ என்றல்லவா கொண்டாடினோம். மேலே இருப்பவருக்கு அது துணிச்சல், லட்சியம், இலக்கு. கீழே இருப்பவருக்கு மட்டும் பேராசை.

அடுத்தவரின் அசலையே வட்டியாகத் தரும் இந்த மோசடியை அமெரிக்கா கையாண்ட விதத்தில் நாம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. 2008 டிசம்பரில் பெர்னார்ட் மேடாஃப் கைதானார். உலகிலேயே பெரிய சங்கிலி மோசடி. இத்தனைக்கும் அவர் நம் ஊர் நிறுவனங்களைப் போல 25 சதவீதம் என்றெல்லாம் சொல்லவில்லை. ஏறக்குறைய மாதம் ஒரு சதவீதம்தான், ஆனால் மேடுபள்ளம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில். அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற எலி வீசலின் அறக்கட்டளை அதில் சுமார் ஒன்றரைக் கோடி டாலரை இழந்தது. பெரிய பெரிய ஐரோப்பிய வங்கிகளின் பணம் சிக்கியது. வட்டி குறைவாக இருந்தால் மோசடி இல்லை, அதிகமாக இருந்தால் மோசடி என்று நாம் சொல்லிக் கொடுக்கும் பாடம் அங்கே செல்லுபடியாகாது. நிதானமானவர்களையும் படித்தவர்களையும் நல்லவர்களையும் அவர் ஏமாற்றியிருக்கிறார். ஹாரி மார்க்கோபோலஸ் என்ற நிதி ஆய்வாளர் 2000-லிருந்தே பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு எழுதி எழுதி எச்சரித்தும் அவர்கள் அசையவில்லை.

மேடாஃபுக்கு 150 ஆண்டு சிறை விதித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. பணத்தை மீட்க நியமிக்கப்பட்ட அறங்காவலர் இர்விங் பிக்கார்டு ஒரு எளிய கணக்கைப் போட்டார். யார் எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார்? போட்டதைவிட அதிகம் எடுத்தவரின் லாபம் என்பது இன்னொருவரின் அசல். எனவே திருப்பிக் கொடு. எடுத்தவருக்கு மோசடி தெரிந்திருந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. தெரிந்திருந்தால் இன்னும் கூடுதலாக. ஜெஃப்ரி பிக்கவர் என்ற ஒரே ஒரு முதலீட்டாளரின் சொத்திலிருந்து மட்டும் 2010-ல் 720 கோடி டாலர் திரும்பி வந்தது. பிக்கார்டு இதுவரை மீட்ட தொகை 1,400 கோடி டாலருக்கு மேல். பறிகொடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அசலில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. யாருக்குப் பேராசை என்ற விவாதத்தை விட்டுவிட்டு, யாரிடம் யார் பணம் இருக்கிறது என்று தேடியதன் பலன் அது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளில் தமிழகத்தில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபோது, இந்தியாவிலேயே முன்னோடியாக 1997-ல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தோம். அதை எதிர்த்த வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, தகுதிவாய்ந்த அதிகாரியின் பொறுப்பில் வைத்து, சிறப்பு நீதிமன்ற உத்தரவுப்படி விற்று, பணத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். கெட்ட எண்ணத்தோடு வேறொருவர் பெயருக்குக் கைமாற்றிய சொத்தையும் முடக்கலாம். 2019-ல் மத்திய அரசும் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்து சட்டம் போட்டது.

நடப்பது என்ன? திருப்பூர் பாசி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லி 930 கோடி ரூபாய் அளவுக்குத் திரட்டி 2009-ல் கவிழ்ந்தது. இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறையும் 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்துக் கோவை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஆகஸ்டில். பதின்மூன்று ஆண்டு. அதற்குள் மகள் கல்யாணத்துக்கென்று போட்டவர் மகளுக்குக் கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருப்பார்கள். அல்லது கல்யாணமே நடந்திருக்காது.

தாமதத்துக்கு ஆள் பற்றாக்குறை, சொத்து மதிப்பீடு, மேல்முறையீடு என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை: அழுத்தம் கொடுக்க ஆள் இல்லை. வீட்டில் திருடு போனால் தெருவே திரண்டு காவல் நிலையத்துக்குப் போகிறது. நிதி நிறுவனத்தில் பணம் போனால் வீட்டுக்காரருக்கே தெரியாமல் மறைக்கிறார்கள். நான் சொன்ன இட்லிக்கடை அம்மா இன்னும் புகார் கொடுக்கவில்லை. கேட்டால், “போனது போச்சு சார். ஸ்டேஷன்ல போய் நின்னா, பேராசப்பட்டா இப்பிடித்தான்னு எல்லார் முன்னாலயும் சொல்லுவாங்க. நாத்தனார் குடும்பத்தயும் பகைச்சுக்கணும்” என்கிறார். ஒரு பழமொழி ஒரு மனுவைத் தடுத்து நிறுத்திவிட்டது. இப்படி வராமல் போகும் மனுக்கள் எத்தனையோ, அத்தனையும் மோசடிக்காரருக்கு லாபம். புகார் கொடுக்காதவரின் பெயர், முடக்கிய சொத்தைப் பிரிக்கும்போது பட்டியலில் வராது.

இணைய மோசடியிலும் இதே கதை. ‘உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, வீடியோ அழைப்பை விட்டு நகரக் கூடாது’ என்று மிரட்டி முதியவர்களின் வாழ்நாள் சேமிப்பைக் கறக்கிறார்கள். அதில் ஆசையும் கிடையாது, பேராசையும் கிடையாது, முழுக்கப் பயம். பணம் போன பிறகு அவர்களுக்கும் நாம் சொல்வது என்னவோ அதே பழமொழியைத்தான். இத்தனைக்கும் இதில் நேரம் முக்கியம். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால் பணம் கடைசிக் கணக்கிலிருந்து வெளியேறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்து அழைத்தால் கிடைக்காது.

பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். விழிப்புணர்வுக் கூட்டங்களில் ‘பேராசை பெருநஷ்டம்’ சொல்வதை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக, எந்த நிறுவனத்துக்கு வைப்பு வாங்க அனுமதி இருக்கிறது என்று ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் பார்ப்பது எப்படி என்று தமிழில், பெரிய எழுத்தில் போட்டு ஒட்டுங்கள். அந்தத் தளம் 2016 முதல் இருக்கிறது. இட்லிக்கடை அம்மாவுக்கு அதைச் சொன்னவர் யாரும் இல்லை. ஒவ்வொரு வழக்கிலும் முகவர்கள் வாங்கிய கமிஷனையும், போட்டதற்கு மேல் எடுத்தவர்களின் தொகையையும் தனிப் பட்டியலாகப் போட்டு மீட்க நீதிமன்றத்தை நாடுங்கள். கணக்கு வங்கியில் இருக்கிறது. மேடாஃப் வழக்கில் முடிந்தது இங்கே முடியாது என்பதற்குக் காரணம் இல்லை. சட்டத்தில் இடம் போதாது என்றால் சட்டமன்றம் எதற்கு இருக்கிறது? விளம்பரத்தில் நடித்தவரும், அதை வெளியிட்ட ஊடகமும் வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் அந்தத் திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். எங்கள் தொழிலுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது இப்படிப் பணத்தைப் பறிகொடுத்திருந்தால் அவரிடம் பழமொழி சொல்லாதீர்கள். ஒப்பந்தப் பத்திரம், பணம் கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு விவரம், சேர்த்துவிட்டவரின் கைபேசிச் செய்திகள் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு, மாவட்டப் பொருளாதாரக் குற்றப் பிரிவு அலுவலகத்துக்கு அவரோடு நீங்களும் போங்கள். சேர்த்துவிட்டவர் உறவுக்காரராக இருந்தாலும் மனுவில் அவர் பெயர் இருக்கட்டும்.